அருவிக்கரையில் ஒரு கடல் மாநாடு



"குற்றாலத்தில் சுறாமீனைப் பற்றி ஒரு மாநாடு கூடுகிறது, நீங்களும் வரவேண்டும்" என்று நண்பர் ஒருவர் என்னை அழைத்தபோது, அவர் விளையாட்டாகப் பேசுகிறார் என்றே எண்ணினேன். குற்றாலத்தில் குரங்கைப் பற்றிப் பேசினால் பொருந்தும். பலாவைப் பற்றிப் பேசினால் பொருந்தும். சாரலைப் பற்றிப் பேசினால் மிகவும் பொருந்தும். கடலிலிருந்து வெகுதூரம் விலகி, மலையடிவாரத்தில் இருக்கும் ஊருக்கும் சுறாவுக்கும் என்ன உறவு? "தென்காசி மீன்கடையில் அல்லாமல் வேறெங்கே நாம் சுறாவைக் கண்டோம்?" என்று கேட்டேன். "அந்த மீன்கடையிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம், வாருங்கள்" என்றார் அவர்.

ஆண்டுதோறும் ஜூலை 14-ஆம் நாளைச் சுறா விழிப்புணர்வு நாளாக உலகின் பல பகுதிகளில் கொண்டாடுகிறார்கள். நாடுதோறும் சுறாவையும் கடலையும் நேசிப்போர் அன்று ஒன்றுகூடிப் படம் பார்ப்பதும், அறிஞர் உரை கேட்பதும் உண்டு. அந்த நாள் நமக்குச் சாரல் காலத்தின் நடுவில் வருகிறது. குற்றாலத்துக்கு இரசிகர் கூட்டம் புதிதன்று. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்காலத்தை இங்கே கழித்தபோது, கவிதையைச் சுவைப்பதற்கென்றே அன்பர்கள் அவரைத் தேடி வந்தார்கள். கவிதைக்கு இரசிகர்கள் கூடிய ஊரில் கடலுக்கு இரசிகர்கள் கூடினால் குற்றம் இல்லை என்று எண்ணிக்கொண்டு நானும் புறப்பட்டேன்.

தோப்பு ஒன்றின் நடுவில் இருந்த பழைய வீட்டில் கூட்டம். அறுபது பேர் இருக்கலாம். பாதிப்பேர் தென்காசியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் படிக்கும் மாணவ மாணவியர். சிலர் ஆசிரியர்கள். முன்வரிசையில், தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த மீனவர்கள் ஐந்து பேர் அமர்ந்திருந்தார்கள். "கடலுக்குப் போகாமல் மலைக்கு வந்துவிட்டீர்களே!" என்று ஒருவர் அவர்களிடம் நகைச்சுவையாகக் கேட்டார். அவர்களுள் மூத்தவர் சிரித்துக்கொண்டே, "காற்று விடவில்லை ஐயா, அதனால்தான் வர முடிந்தது" என்றார்.

அந்த மறுமொழியில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. நமக்குச் சாரலைக் கொண்டுவருவது தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்தில் பெருமழையைக் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் கணவாய் வழியாக நம்மீது தூவிச் செல்கிறது அது. அதே காற்று கிழக்கே சென்று மன்னார் வளைகுடாவில் வேகமாக வீசுகிறது. கடற்கரையார் அதைக் கச்சான் என்பார்கள். கச்சான் மிஞ்சினால் நாட்டுப்படகுகள் கரையிலேயே கிடக்கும். குற்றாலத்தில் நாம் குளித்து மகிழும் நாளில், அங்கே ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியாமல் இருக்கக்கூடும். ஒரே காற்று, இரண்டு வீடுகள். இதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

கூட்டம் தொடங்கியது. ஆசிரியர் ஒருவர் மாணவர்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று, கயிறு ஒன்றின் இரு முனைகளையும் இருவர் கையில் கொடுத்து விலகி நிற்கச் சொன்னார். கயிற்றின் நீளம் 12 மீட்டர். தாழ்வாரம் போதவில்லை, ஒரு மாணவி முற்றத்தில் இறங்கிச் சாரலில் நனைந்துகொண்டு நின்றாள். "இந்த நீளமுள்ள மீன் மன்னார் வளைகுடாவிலும் தென்படுவதுண்டு; இதைவிடப் பெரியவையும் உலகக் கடல்களில் அளக்கப்பட்டிருக்கின்றன" என்றார் ஆசிரியர். அதுதான் திமிங்கிலச் சுறா. நம்மவர் அதற்கு அம்மணி உழுவை என்று அழகான பெயர் இட்டிருக்கிறார்கள். உலகிலுள்ள மீன்கள் அனைத்திலும் பெரியது இதுவே. ஆயினும் இதன் உணவு, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் சிறு மீன்களுமே. வாயை அகலத் திறந்து நீரை உட்கொண்டு, செவுள்களின் வழியே வடித்துவிட்டு, எஞ்சியதை விழுங்கும். மனிதனைக் கண்டால் பாயும் இயல்பு இதற்கு இல்லை.

சுறா இனங்கள் 500-க்கு மேற்பட்டவை. கையளவு சுறாவும் உண்டு. பேருந்தளவு சுறாவும் உண்டு. சுறாவின் உடலில் எலும்பு கிடையாது. நம் காதுமடலில் இருப்பது போன்ற குருத்தெலும்பே அதன் சட்டகம். அதன் தோலைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். பல்லின் அமைப்பையே ஒத்த நுண்ணிய செதில்கள் தோல் முழுவதும் பதிந்திருப்பதே காரணம். பற்கள் விழ விழ, பின்வரிசையிலிருந்து புதியவை முன்னே வந்துகொண்டிருக்கும். மூக்கின் அருகே உள்ள நுண்துளைகளால், மணலுக்குள் புதைந்திருக்கும் இரையின் உடலில் தோன்றும் மிக மெல்லிய மின்னோட்டத்தையும் அது உணரும். சுறாவின் முன்னோர் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடலில் நீந்தியவர்கள். டைனோசர் என்னும் பெரும் பல்லிகள் பின்னால் தோன்றி மறைந்தன. சுறாவோ இன்றும் இருக்கிறது.

"அப்படியானால் சுறாவுக்கு நாம் அஞ்ச வேண்டாமா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். நல்ல கேள்வி. சுறாவைச் சீண்டாதிருந்தும் அதனிடம் கடிபடுவோர் உலகம் முழுவதிலும் ஆண்டுக்குச் சராசரியாக 60, 70 பேர். அவர்களுள் உயிரிழப்போர் ஐந்தாறு பேர். மனிதன் கையால் ஆண்டுதோறும் மடியும் சுறாக்களோ 8 முதல் 10 கோடி என்று ஆய்வாளர் மதிப்பிட்டிருக்கிறார்கள். யாருக்கு யார் அஞ்ச வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அச்சம் நம் முன்னோர்க்கும் இருந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் தொழில். அவர் வந்து மந்திரம் ஓதினாலன்றிக் குளியாளிகள் நீரில் இறங்கமாட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இத்தகைய மந்திரக்காரரைப் பற்றித் தம் பயணநூலில் சொல்லியிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கமே கடல்கட்டிக்கு ஊதியம் கொடுத்தது என்றால் பாருங்கள்! மந்திரத்தில் அதிகாரிகளுக்கு நம்பிக்கை இருந்ததனால் அன்று. குளியாளிகளின் மனத்தில் துணிவு இருக்க வேண்டும் என்பதனால். பல படகுகளும் நூற்றுக்கணக்கான மனிதரும் எழுப்பும் ஆரவாரத்துக்கே சுறா விலகிப் போயிருக்கும் என்று கருதியோரும் உண்டு. மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, மனிதனின் அச்சத்தைக் கட்டியது. இன்று அந்த வேலையை அறிவு செய்ய வேண்டும். அதற்காகத்தான் இத்தகைய கூட்டங்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். ஆனால், கூட்டத்தின் பயன் அவ்வளவோடு முடியவில்லை.

பிற்பகலில் அந்த மூத்த மீனவர் பேச எழுந்தார். அவர் சொற்பொழிவு செய்யவில்லை, கணக்குச் சொன்னார். தம் தந்தையார் காலத்தில் எந்த அளவுச் சுறா எத்தனை கிடைத்தது, தம் இளமையில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணினார். பெரிய சுறாக்கள் அருகிவிட்டன. குட்டிகளே வலையில் விழுகின்றன என்றார். "குட்டியைப் பிடித்து விற்கும்போது, பேரப்பிள்ளையின் சோற்றை எடுத்து உண்பது போல இருக்கிறது" என்று சொல்லி நிறுத்தினார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. வெளியே அருவியின் ஓசை மட்டும் கேட்டது.

அவர் சொன்ன கணக்கும் உலகம் சொல்லும் கணக்கும் ஒத்திருக்கின்றன. 1970-க்கும் 2018-க்கும் இடையில், ஆழ்கடலில் உலவும் சுறா, திருக்கை ஆகியவற்றின் தொகை 71 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2021-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. ஏன் இப்படிக் குறைய வேண்டும்? மனிதன் சாளையையும் நெத்திலியையும் பிடிக்கவில்லையா? அவை இன்னும் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். சாளை ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. ஓராண்டு குறைந்தாலும் அடுத்த ஆண்டில் ஈடுசெய்துவிடும். சுறா அப்படியன்று. நாம் நன்கறிந்த பால்சுறாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது. ஏறத்தாழ ஓராண்டு வயிற்றில் சுமந்து, ஈற்றுக்கு இரண்டு முதல் ஐந்து குட்டிகளையே பெரும்பாலும் ஈனும். பெரிய சுறாக்கள் பருவம் எய்தவே பல்லாண்டுகள் ஆகும். ஆகவே, சுறாவைச் சாளையைப்போல் அள்ளினால், முதலையே செலவிட்ட வணிகன் கதையாகத்தான் முடியும்.

பால்சுறா என்ற பெயர் காதில் விழுந்ததும் எனக்கு உள்ளம் சுருங்கியது. காரணத்தை உங்களிடம் மறைப்பானேன்? அந்தக் கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர்தான் என் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டுக் கொடுத்தால் தாய்ப்பால் பெருகும் என்பது நம் வீடுகளில் வழிவழி வந்த நம்பிக்கை. என் மனைவி சொன்னபடி, தென்காசிச் சந்தையில் நானே ஒரு கிலோ வாங்கி வந்தேன். முழங்கைகூட இல்லாத சிறு மீன்கள். சிறிய சுறா எதுவானாலும் பால்சுறா என்றே விற்பதுண்டு. நான் வாங்கியவை உண்மையில் பால்சுறாவா, வேறு பெருஞ்சுறாவின் குட்டிகளா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருக்கவும் இல்லை. மலைநாட்டில் இருக்கும் நமக்கும் சுறாவுக்கும் என்ன உறவு என்று நண்பரைக் கேட்டேன் அல்லவா? உறவு என் கைப்பையிலேயே இருந்திருக்கிறது!

அப்போது கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, "சுறா பிடிப்பதையே முழுவதும் தடுத்துவிட வேண்டும்" என்று உணர்ச்சியோடு பேசினார். இளைஞர் பலர் கைதட்டினார்கள். மீனவர் கோபம் கொள்ளவில்லை. "தம்பி, உங்களுக்குச் சுறாமீது அன்பு. எங்களுக்குச் சுறா சோறு. நான் சுறாவுக்கென்று வலை விரிப்பதில்லை. விரித்த வலையில் அது வந்து விழுகிறது. வலையை அறுத்து அதை விட்டால், அந்த வலைக்கு விலை யார் கொடுப்பார்கள்?" என்றார். இப்போது கைதட்டியவர்கள் மௌனமானார்கள்.

அன்பு ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம் என்று நின்றால் வழி என்ன? வழி உண்டு என்பதற்குக் குசராத்து நாட்டில் ஒரு சான்று இருக்கிறது. அங்கே வெராவல் கடற்கரையில் திமிங்கிலச் சுறாக்களைப் பெருவாரியாகக் கொன்றுவந்தார்கள். அதன் ஈரல் எண்ணெயைப் படகுகளுக்குப் பூசுவார்கள். இறைச்சி வெளிநாட்டுக்குச் சென்றது. மைக் பாண்டே என்பவர் இக்கொலையைப் படமாக எடுத்து 2000-ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டினார். 2001-இல் இந்திய அரசு இம்மீனை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உரிய காப்பு அந்த மீனுக்கும் கிடைத்தது. ஆனால், சட்டப் புத்தகத்தைக் கடலில் யார் படிப்பார்கள்? 2004-இல் தொடங்கிய இயக்கம் ஒன்றில், இராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு மீனவரிடையே பேசினார். இந்த மீன் பேறுகாலத்துக்குப் பிறந்தகம் வரும் மகளைப் போன்றது என்றார். மகளைக் கொல்வாருண்டோ? அந்த ஒரு சொல் நெஞ்சில் தைத்தது. வலையில் சிக்கிய மீனை, வலையை அறுத்து விடுவித்தார்கள் மீனவர்கள். அறுந்த வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுக்க ஏற்பாடாயிற்று. இவ்வாறு நூற்றுக்கணக்கான திமிங்கிலச் சுறாக்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. அங்கே அன்பு, சட்டம், வலையின் விலை ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் மீன் பிழைத்திராது.

நமக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. பட்டினப்பாலையைப் படித்த மாணவர்கள் இங்கே ஒன்றை நினைவுகூரலாம். முழுமதி நாளில் பரதவர் கடல்மேற் செல்லமாட்டார்கள். சினைகொண்ட சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டு, உண்டும் ஆடியும் மகிழ்வார்கள். உருத்திரங்கண்ணனார் காட்டும் காட்சி இது. சுறாவை நடுவில் வைத்துக் கடலை நேசிப்போர் கூடிய மாநாடு அன்றோ அது! கூடியவர்களும் வெளியார் அல்லர். சுறாவைப் பிடித்துப் பிழைத்தவர்களே. அவர்களுக்கும் ஓய்வு, கடலுக்கும் ஓய்வு. இந்நாளில் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று அரசு விதித்திருப்பதும், பெருக நாள் கொடு என்னும் அந்தக் கருத்தையே கொண்டது.

கொம்புடைய சுறா எது? இரம்பம் போன்ற நீண்ட மூக்கையுடைய வேளாமீனாக இருக்கலாம் என்று கொள்ளுதல் பொருந்தும். நூல்முறைப்படி அது திருக்கையின் உறவு. உருவத்தால் சுறாவைப் போன்றது. உலகில் உள்ள வேளா இனங்கள் ஐந்து. ஐந்தும் இன்று அற்றுப்போகும் நிலையில் நிற்கின்றன. நம் கடற்கரையில் வேளாவைக் காண்பதே அரிதாகிவிட்டது. முன்னோர் மணலில் நட்டு வணங்கிய தெய்வத்தின் கொம்பை, நம் பேரர்கள் பொருட்காட்சிச் சாலையில்தான் காண்பார்களோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. புதுச்சேரியின் பெயரையே தாங்கிய சுறா ஒன்று உண்டு. 1979-க்குப் பின் அதைப் பிடித்ததாக உறுதியான பதிவு இல்லை. ஊரின் பெயர் நிற்கிறது. பெயர் பெற்ற மீனைக் காணோம்.

மாலையில் கூட்டம் கலையும் முன், மாணவர்களும் மீனவர்களும் சேர்ந்து சில முடிவுகளைச் சொன்னார்கள். சட்டத்தின் காப்பைப் பெற்ற இனங்களின் படங்களைத் தென்காசி மீன்கடைகளிலும் வைக்கக் கேட்பது. குட்டிச் சுறாவை வாங்காமலிருப்பது. வலையறுத்து மீனை விடுவோர்க்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்று சேர்ந்து வேண்டுவது. தடை வேண்டும் என்று பேசிய அந்தக் கல்லூரி மாணவரே மூன்றாவது முடிவை முன்மொழிந்தார். மீனவர் அவர் தோளில் கைவைத்து, "அடுத்த கூட்டம் எங்கள் ஊரில்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் மருத்துவரைக் கேட்டேன். பெரிய சுறாக்களின் தசையில் பாதரசம் சேர்கிறது. ஆதலால் பாலூட்டும் தாயர் சுறாவைத் தவிர்ப்பது நலம் என்று சில நாடுகளின் உணவு நலத்துறைகள் அறிவுறுத்துகின்றன என்றும், தாய்க்கு வேண்டிய சத்தைச் சாளை போன்ற சிறு மீன்களே தரும் என்றும் அவர் சொன்னார். கடலுக்கு நல்லது தாய்க்கும் நல்லதாகவே இருந்தது. என் மனைவியை இணங்கச் செய்வதற்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று.

குற்றாலத்தை விட்டுப் புறப்படும் முன் பேரருவிக் கரையில் சற்று நின்றேன். அருவிகளில் எண்ணெயும் சோப்பும் கூடாது என்ற தடை இருக்கிறது. ஆயினும் பாறையிடுக்கில் சிறு நெகிழிப் பொட்டலங்கள் சில சிக்கிக் கிடந்தன. அந்த நீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரிக்கு அருகில் பொருநையோடு கலந்து, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. அந்தக் கடல்தான் மன்னார் வளைகுடா. அருவியில் நாம் விடுவது அம்மணி உழுவையின் வாய்க்குப் போகிறது. மலைக்கும் சுறாவுக்கும் உள்ள உறவை இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குனிந்து அந்தப் பொட்டலங்களைப் பொறுக்கத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற சிறுவன் ஒருவன், "தாத்தா, எதற்கு?" என்றான். "கடலில் நமக்கு உறவினர் இருக்கிறார்கள்" என்றேன். அவன் சிரித்துவிட்டுத் தானும் இரண்டு எடுத்துக் கொடுத்தான்.